விசிலக்காவின் இரண்டு மணிக்கட்டுகள்

கோலார் தங்கவயலில் காலத்தை நிறுத்தி வைக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். ரேஷன் அட்டையில் அவருக்கு வேறு பெயர் இருக்கலாம். மாரிகுப்பம் முதல் ஊரிகம் வரை எல்லோருக்கும் அவர் விசிலக்கா. காலத்தை நிறுத்த அவருக்குத் தவமும் வேண்டியதில்லை, தந்திரமும் வேண்டியதில்லை. வலது கையின் இரண்டு விரல்கள் போதும்.

விசிலக்கா ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. அது பிழைப்பு. வாழ்க்கை என்று அவர் கருதியது மாலை நேரங்களில் ஊரிகத்து மைதானத்தில் நடந்தது. அங்கே அவர் கால்பந்து நடுவர். கழுத்தில் விசில், இடது மணிக்கட்டில் ஆண்கள் கட்டும் அகலமான கைக்கடிகாரம், தினமும் சாவி கொடுத்தால்தான் ஓடும் வகை. அதன் பக்கவாட்டில் இருக்கும் சிறு குமிழைத்தான் எங்கள் ஊரில் சாவி என்போம். அதைச் சற்று வெளியே இழுத்தால் நொடிமுள் நின்றுவிடும். உள்ளே தள்ளினால் நின்ற இடத்திலிருந்து மறுபடி ஓடும்.

ஆட்டத்தில் ஒருவன் அடிபட்டு விழுந்தால் அக்கா சாவியை இழுப்பார். பந்து மைதானத்தைத் தாண்டி ஒரு வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்துகொண்டால் இழுப்பார். பந்து திரும்பி வந்ததும் தள்ளுவார். ஆட்டம் நடந்த நேரம் மட்டுமே நேரம். மற்றது கணக்கில் சேராது. இதுவரை எல்லாம் முறைதான். மைதானத்தை விட்டு வெளியே வந்த பிறகும் அக்கா இந்த விதியைக் கைவிடவில்லை என்பதில்தான் அவருடைய தனித்தன்மை இருந்தது.

ரேஷன் கடை வரிசையில் நின்றால் சாவியை இழுத்துவிடுவார். பள்ளி ஆண்டு விழாவில் யாராவது "இரண்டே நிமிடங்களில் முடித்துக்கொள்கிறேன்" என்று ஒலிபெருக்கியைப் பிடித்தால், அந்த வாக்கியம் முடிவதற்குள் இழுத்துவிடுவார். ஒருமுறை எங்கள் வரிசை வீடுகளுக்கு ஆயுள் காப்பீட்டு முகவர் ஒருவர் வந்தார். அவர் வாயைத் திறந்த நான்காவது நொடியில் அக்காவின் விரல்கள் மணிக்கட்டுக்குப் போயின.

"இன்னாக்கா, வாட்ச் ரிப்பேரா?" என்றார் முகவர்.

"வாட்ச்சு நல்லாதான் கீது. நீங்க பேசறது மேட்ச்ல சேராது, அஷ்டே, அவ்ளோதான். பேசுங்க, பேசுங்க. எனக்கொண்ணும் நஷ்டமில்ல."

முகவர் அதன்பின் எங்கள் வரிசைக்கு வந்ததாகத் தகவல் இல்லை.

மறுநாள் காலை மாரிகுப்பம் நிலையத்தில் கணக்கு முடிக்கப்படும். அக்காவின் கணவர் பெங்களூரில் வேலை பார்ப்பவர். விடியற்காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவார். அவரை ஏற்றிவிடப் போகும் அக்கா, நிலையத்துக் கடிகாரத்தையும் தன் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்து வித்தியாசத்தை அறிவிப்பார்.

"நேத்து ரெண்டு மணி நேரம் பத்து நிமிஷம் சும்மா பூடுச்சுங்க."

"அதுல என்னுது எவ்ளோ?"

"முப்பத்தஞ்சு."

"கொறஞ்சிருக்குதே!" என்று அந்த மனிதர் உண்மையான மகிழ்ச்சியோடு ரயில் ஏறுவார்.

முள்ளைத் திருப்பிச் சரியான நேரத்தில் வைத்துச் சாவியைத் தள்ளிவிட்டு, அக்கா அடுத்த நாளுக்குள் நுழைவார். கணவன் மனைவிச் சண்டைக்கும் இதே விதிதான். அவர்களுக்குத் திருமணமாகி எத்தனை ஆண்டுகள் என்று என் அம்மா ஒருமுறை கேட்டதற்கு, "ஊருக்குப் பத்தொம்போது வருஷம். என் வாட்ச்சுக்குப் பதினேழே முக்கா" என்று பதில் வந்தது.

இப்படிப்பட்டவர் பக்கத்து வீட்டில் இருந்தால் மனிதர்கள் என்ன ஆவார்கள் என்பதற்கு நானே சான்று. இயல்பாகவே நான் குறைவாகப் பேசுபவள். அக்கா எங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்தபின் அது மேலும் குறைந்தது. சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனத்துக்குள் எழுதி, அடித்து, சுருக்கி, இனிச் சுருக்க முடியாது என்ற நிலையில்தான் வெளியே விடுவேன். எட்டு ஆண்டுகளில் அக்கா என்னிடம் ஒருமுறைகூடச் சாவியை இழுத்ததில்லை. இழுக்கும் அளவுக்கு நான் எதையும் சொன்னதில்லை.

இந்தக் குணத்தால்தான் எனக்கு ஒரு பதவி கிடைத்தது. ஊரிகத்தில் கோடைதோறும் நடக்கும் கால்பந்துப் போட்டிக்கு ஒரு குழு உண்டு. குழுவின் தலைவர் கடைத்தெருவில் பெயின்ட் கடை வைத்திருப்பவர். ஆட்டக் குறிப்பு எழுத ஆள் தேடியபோது அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "இந்தப் பாப்பா போதும்பா. கையெழுத்து முத்து முத்தா கீது. வாயும் கெடயாது."

எல்லைக்கோட்டுக்கு வெளியே ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு தாள். யார் கோல் போட்டார், எத்தனையாவது நிமிடத்தில் போட்டார் என்று என் கைபேசியின் நேரத்தைப் பார்த்து எழுதுவேன். நான் எழுதியதை யாரும் படித்ததில்லை. ஆட்டம் முடிந்ததும் இரு தலைவர்களும் படிக்காமலே கையெழுத்திடுவார்கள். தாள் என் கோப்புக்குள் போய்விடும்.

சென்ற ஆண்டு அரையிறுதியில்தான் வினை வந்தது. மைசூர் மைன்ஸ் அணிக்கும் எங்கள் மாரிகுப்பம் அணிக்கும் ஆட்டம். பாதிக்கு முப்பத்தைந்து நிமிடங்கள். இரண்டாம் பாதியில் ஒருவனுக்குக் கால் நரம்பு இழுத்துக்கொண்டது. அக்கா சாவியை இழுத்தார். அவனைத் தூக்கிப்போக வந்த இருவரில் ஒருவன் ஒல்லிப்பிச்சான் என்பதால் அக்காவே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார். மூன்று நிமிடங்களில் திரும்பி வந்து விசிலை ஊதினார். ஆட்டம் தொடர்ந்தது.

சாவி மட்டும் வெளியே நின்றது.

கோல் கம்பத்தின் நிழல் நீண்டிருப்பதைப் பார்த்து அவருக்கே ஐயம் வந்து, குனிந்து, சாவியைச் சட்டென்று தள்ளியதை நான் என் மேஜையிலிருந்து பார்த்தேன். அதற்குள் எட்டு நிமிடங்கள் ஓடியிருந்தன. முப்பத்தெட்டு நிமிடங்களில் முடிந்திருக்க வேண்டிய பாதி நாற்பத்தாறு நிமிடங்கள் நடந்தது. நாற்பத்திரண்டாவது நிமிடத்தில் எங்கள் மாரிகுப்பம் அணி வெற்றி கோலைப் போட்டது.

மைசூர் மைன்ஸ்காரர்கள் கைபேசிகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். "மணி பாருக்கா! மணி பாரு! உன் ஊருக்காரன் கோல் போடற வரைக்கும் ஊதாம இருந்தியா?"

"என் வாட்ச்சுல மேட்ச் முடியல" என்றார் அக்கா. முகம் கல்லாக இருந்தது. "மேட்ச்ல என் வாட்ச்சுதான் மணி."

நான் தாளில் "இரண்டாம் பாதி, 42" என்று எழுதினேன். எவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அக்கா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். "அந்த ஷீட்டக் காட்டு பாப்பா." காட்டினேன். நாற்பத்திரண்டின் மேல் அவர் விரல் நின்றது.

"போன் டைமா?"

"ஆமாக்கா."

"யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்லக்கா."

தாளை மடிக்காமல் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

இந்த ஆண்டு குழு கூடி இரண்டு தீர்மானங்களைப் போட்டது. ஒன்று, இறுதி ஆட்டத்துக்கு விசிலக்காவே நடுவர். பதினோரு ஆண்டுகளாகக் கொடி பிடித்தும், சிறுவர் ஆட்டங்களுக்கு ஊதியும், அரையிறுதியோடு நிறுத்தப்பட்டும் வந்தவருக்கு இறுதி ஆட்டம் கிடைத்தது அதுவே முதல்முறை. இரண்டு, நடுவர் கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருக்க வேண்டும். பழைய கடிகாரம் கட்டினால் விசில் பங்காருப்பேட்டையிலிருந்து வரும் வேறொருவருக்குப் போகும்.

"ஊர் பேசுதும்மா" என்றார் தலைவர். "சாட்டிலைட்ல இருந்து டைம் வருதாம் அதுல. யாரும் வாயத் தொறக்க முடியாது."

அக்கா சாவியை இழுத்துவிட்டு அவர் பேசி முடிக்கும்வரை நின்றார்.

அடுத்த நாள் மாலை ரயிலில் அக்காவின் கணவர் ஒரு வெள்ளைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். உள்ளே கறுப்பாக, சதுரமாக ஒரு ஸ்மார்ட் வாட்ச். "இன்னாத்துக்குப் புடிவாதம்? பதினோரு வருஷமா கேட்டது வருது. கட்டிக்கோம்மா" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் கட்டிக்கொண்டிருப்பார்கள், அல்லது வீசியெறிந்திருப்பார்கள். விசிலக்கா நடுவர். "ரெண்டு டீமுக்கும் சமமா சான்ஸ் குடுக்கணும்" என்றார். இடது மணிக்கட்டில் பழையது, வலது மணிக்கட்டில் புதியது; பதினான்கு நாள் ஆட்டம். சிறு தவறுக்கு மஞ்சள் அட்டை, பெரும் தவறுக்குச் சிவப்பு. குறிப்பு எழுத என்னை நியமித்தார். ஸ்மார்ட் வாட்ச்சில் தோன்றும் ஆங்கிலத்தை மொழிபெயர்க்கும் பணியும் எனக்கே வந்தது.

முதல் நாளே அது தன் குணத்தைக் காட்டியது. சாவு வீடு ஒன்றில் எல்லோரும் தரையில் அமர்ந்திருந்தபோது அக்காவின் வலது மணிக்கட்டில் அது அதிர்ந்தது. "இன்னா சொல்லுது?" என்று கிசுகிசுத்தார்.

"ரொம்ப நேரமா உக்காந்திருக்கீங்களாம். எழுந்து நடக்கணுமாம்."

"பொணத்த வெச்சுக்கினா? மஞ்ச கார்டு. எழுது."

மூன்றாம் நாள் சப்பாத்தி மாவு பிசைந்ததை அது நடைப்பயிற்சி என்று எண்ணி, இன்றைய இலக்கை எட்டிவிட்டீர்கள் என்று பட்டாசுப் படம் காட்டியது. அக்காவுக்கு அதில் மகிழ்ச்சி இல்லை. "நடக்காததுக்கு மார்க் போடுது. ஆப்சைட் கோல குடுக்கற மாதிரி." மஞ்சள்.

ஐந்தாம் நாள் பள்ளி மைதானத்தில் எதிரணிக்காரனின் சட்டையைப் பிடித்து இழுத்த ஒரு முரடனை அக்கா நிறுத்தி வைத்துத் திட்டிக்கொண்டிருந்தார். திட்டு உச்சத்தை எட்டிய நேரத்தில் கடிகாரம் அதிர்ந்தது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, ஒரு நிமிடம் ஆழமாக மூச்சு விடவும் என்றது. அக்கா எதையும் முறையாகச் சோதிப்பவர். கண்ணை மூடி, மூச்சை இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு, ஒரு நிமிடம் முடிந்து கண்ணைத் திறந்தபோது முரடன் அங்கே இல்லை.

"பாதியில கோவத்த எடுத்துப்புடுச்சு பாப்பா. மிச்சத்த எங்க போய் வெக்கறது?"

இதற்கு என்ன அட்டை என்று அவரால் முடிவு செய்ய முடியவில்லை. தாளில் கேள்விக்குறி போட்டேன்.

ஏழாம் நாள் பள்ளிச் சிறுமிகளின் ஆட்டத்தில் தூறல் விழுந்தது. ஒரு மழைத்துளி திரையைத் தொட்டது. இன்னொன்று அதை உறுதிசெய்தது. ஆட்டம் முடிந்தது என்று ஸ்மார்ட் வாட்ச் அறிவித்து, நன்றாக உழைத்தீர்கள் என்று பாராட்டிவிட்டு அணைந்தது. இன்னும் பதினேழு நிமிடங்கள் பாக்கி. "வானம் முடிச்சு வெக்குது மேட்ச்ச!" என்று அக்கா சிவப்பு அட்டையை உண்மையிலேயே எடுத்துத் தன் வலது மணிக்கட்டுக்குக் காட்டினார். சிறுமிகள் கைதட்டினார்கள்.

புதியதன் மானம் இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, பத்தாம் நாள் பழையது தன் வேலையைக் காட்டியது. காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் பெயின்ட் கடைத் தலைவர் அக்காவை நிறுத்தி, சிறப்பு விருந்தினருக்குச் சால்வை எந்த நிறத்தில் போடுவது என்பது பற்றிப் பேசத் தொடங்கினார். பெயின்ட் வணிகர் நிறத்தைப் பற்றிப் பேசினால் எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அக்கா சாவியை இழுத்தார். பேச்சு முடிந்ததும் சாவியைத் தள்ள மறந்தார். முள் எட்டே காலில் நிற்க, வலது மணிக்கட்டைப் பார்க்காமலே "நெறைய டைம் கீது" என்று வழியில் ஒரு காப்பியும் குடித்துவிட்டு நிதானமாகப் பள்ளிக்குப் போனார். காலை வழிபாடு, கொடி வணக்கம், முதல் வகுப்பு எல்லாம் முடிந்திருந்தன. பணிக்காலத்தில் அவர் தாமதமாகப் போன முதல் நாள் அது.

"ரெட்டா, மஞ்சளாக்கா?" என்று அன்று மாலை கேட்டேன்.

"மஞ்ச" என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

பதினான்காம் நாள் மாலை அக்கா தன் வீட்டு முன்னறையில் நாற்காலியில் அமர்ந்தார். அவர் கணவர் கதவில் சாய்ந்து நின்றார். நான் தாளைப் படித்தேன். புதியதற்கு ஐந்து மஞ்சள், ஒரு சிவப்பு, ஒரு கேள்விக்குறி. பழையதற்கு ஒரே ஒரு மஞ்சள்.

"அப்போ பழசுதான் கெலிச்சுது" என்றார் அக்கா. "பைனல் வேற எவனாச்சும் ஊதட்டும். நான் இதைக் கழட்ட மாட்டேன்."

அவர் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் தாளை மடித்திருக்கலாம். எட்டு ஆண்டுப் பழக்கம் அதைத்தான் சொன்னது. ஆனால் கோப்புக்குள் இன்னொரு தாள் இருந்தது.

"இல்லக்கா" என்றேன். "முடிவு சரியா வரல. ஒரு ஆட்டம் விட்டுப்போயிருக்கு. போன வருஷ அரையிறுதி. அதுலயும் பழசுதான் கையில இருந்துச்சு. எட்டு நிமிஷம் சாவி வெளிய நின்னுச்சு. நான் பாத்தேன். நாற்பத்திரண்டாவது நிமிஷம்தான் கோல் விழுந்துச்சு. அது முப்பத்தெட்டுலயே முடிஞ்சிருக்க வேண்டிய ஆட்டம். அன்னைக்கே சொல்லியிருக்கணும். என்னை யாரும் கேக்கலன்னு இருந்துட்டேன். அது என் தப்பு. ஆனா பழசுக்கு அது மஞ்சள் இல்லக்கா. சிவப்பு."

என் வாழ்நாளில் அக்காவிடம் ஒரே மூச்சில் நான் பேசிய மிக நீளமான பேச்சு அது. நடுவில் அவருடைய வலது கை இடது மணிக்கட்டை நோக்கிப் போனதைக் கவனித்தேன். விரல்கள் சாவியைத் தொட்டன. அங்கேயே இருந்தன. பிறகு கீழே இறங்கிவிட்டன.

"எழுது" என்றார். "செவப்பு."

எழுதினேன். சிவப்பில் ஒன்றுக்கு ஒன்று சமநிலை.

அக்கா இரண்டு மணிக்கட்டுகளையும் மடியில் வைத்து மாறி மாறிப் பார்த்தார். பின்னர் கணவரிடம், "தப்பு வாட்ச்சுது இல்லீங்க. இழுக்கறவளே ஓடவும் ஓடறா. ஓடறவளுக்குத் தள்ள ஞாபகம் வராது" என்றார். எழுந்து செருப்பை மாட்டினார். "வா பாப்பா. ஷீட்ட எடுத்துக்கோ."

பெயின்ட் கடையின் பின்னறையில் குழு கூடியிருந்தது. மைசூர் மைன்ஸ் அணியின் தலைவரும் இருந்தார். இந்த ஆண்டு அவர்கள்தான் ஊரிகம் அணியோடு இறுதி ஆட்டம் ஆடப்போகிறவர்கள். அக்கா உட்காரவில்லை.

"போன வருஷம் எட்டு நிமிஷம் கூட ஓடுச்சு. என் தப்பு. சாவிய தள்ள மறந்துட்டேன். ஊருக்காரன்னு பண்ணல. ஆனா அப்பவே தெரிஞ்சும் ஒத்துக்கல. அது அதவிடப் பெரிய தப்பு. தோ, ஷீட்டு."

அந்தத் தாளை முதல்முறையாக மனிதர்கள் படித்தார்கள். தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "இன்னாம்மா இது, யாரும் கேக்காதப்போ... சரி, வுடு. அந்த ஸ்மார்ட் வாட்ச்ச கட்டிக்கினு வந்து பைனல ஊதிட்டுப் போ."

"கட்டறேன். ஆனா அதுல மேட்ச் ஓடாது. மழ பெஞ்சா அதுவே முடிச்சுடும். மேட்ச் இதுல ஓடும்." பழைய கடிகாரத்தைக் கழற்றி எல்லோரும் பார்க்க மேஜைமேல் வைத்தார். "என் கையில இல்ல. டேபிள்ல, பாப்பா கையில. நான் கையத் தூக்கினா இழுப்பா, எறக்கினா தள்ளுவா. எதுக்கு எவ்ளோ நின்னுச்சுன்னு எழுதுவா. எவன் வேணும்னாலும் பக்கத்துல நின்னு போன வெச்சு சரி பாக்கலாம். முடியாதுன்னா விசில இங்கேயே வெச்சுட்டுப் போறேன்."

விசிலையும் கழற்றிக் கடிகாரத்தின் பக்கத்தில் வைத்தார்.

குழு மைசூர் மைன்ஸ் தலைவரைப் பார்த்தது. அவர் தாளைப் பார்த்தார். பிறகு விசிலை எடுத்து அக்காவிடம் நீட்டினார். "ஒத்துக்கினவங்களே ஊதட்டும்" என்றார். "ஆனா யக்கா, ஒரு வருஷம் என்னைக் கத்த வெச்சிட்டியே."

"நீ கத்தனது எல்லாம் கணக்குல சேத்துட்டேன்டா. ஒரு நிமிஷம்கூடக் கழிக்கல."

இறுதி ஆட்டத்தன்று என் உள்ளங்கையில் அந்தக் கடிகாரம் ஒரு கோழிக்குஞ்சு போலச் சூடாகவும் துடிப்பாகவும் இருந்தது. அக்காவின் கை உயரும்போது இழுத்தேன், இறங்கும்போது தள்ளினேன். முதல் பாதியில் மைசூர் மைன்ஸ் ஒரு கோல் போட்டது. இரண்டாம் பாதியில் பந்து வழக்கமான கூரைமேல் ஏறியது. இழுத்தேன். அந்த வீட்டுக்காரம்மா பந்தைத் தர மறுத்து ஓடுகளுக்கு நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார். மேடையில் சிறப்பு விருந்தினர் நெளிந்தார். தலைவர் என் மேஜைக்கு ஓடிவந்தார்.

"தள்ளும்மா அத! போதும் நின்னது! கெஸ்ட்டு கெளம்பணுமாம்!" என்று சொல்லியபடியே கடிகாரத்தை நோக்கிக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க!"

யார் கத்தியது என்று மைதானமே திரும்பிப் பார்த்தது. நானும் பார்த்தேன், பின்புதான் அது நான் என்று தெரிந்தது. தலைவரின் கை பாதி வழியில் நின்றது. "வாயில்லன்னு நெனச்சேனே..." என்று முணுமுணுத்துக்கொண்டு மேடைக்குத் திரும்பினார்.

பந்து வந்தது. அக்காவின் கை இறங்கியது. தள்ளினேன்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடங்கள் இருக்கையில் பந்தைத் துரத்தி வந்த அக்கா என் மேஜைக்குப் பத்தடி தூரத்தில் செம்மண்ணில் சறுக்கி விழுந்தார். விழுந்த வேகத்தில் எழுந்தும் விட்டார். ஆனால் அவர் மணிக்கட்டில் இருந்த ஸ்மார்ட் வாட்ச்சுக்கு எழுந்தது முக்கியமாகப் படவில்லை. அது அவரிடம் நலமா என்று கேட்டது, பதில் வரவில்லை. மேஜைமேல் இருந்த அவருடைய கைபேசி வழியே, அவசரத் தொடர்புக்கு உரியவரை அழைத்துவிட்டது. அவசரத் தொடர்புக்கு உரியவர் முப்பது அடி தள்ளி, பார்வையாளர் படிக்கட்டில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

தண்ணீர்ப் புட்டியோடு அக்காவின் கணவர் மைதானத்துக்குள் ஓடினார். ஊரிகம் அணியின் முன்னாட்டக்காரனை மோதித் தள்ளிவிட்டு ஓடினார். "இன்னாச்சும்மா? வாட்ச்சு போன் பண்ணுச்சு! எங்க அடி?"

அக்காவின் கை உயர்ந்தது. நான் இழுத்தேன். உயர்ந்த கையில் மஞ்சள் அட்டை இருந்தது. கட்டிய கணவனுக்குக் காட்டப்பட்ட அட்டையைக் கண்டு மைதானம் எழுந்து நின்று ஆரவாரித்தது. அந்த மனிதரோ அட்டையைப் பொருட்படுத்தவில்லை. மனைவியின் முழங்கையில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் தண்ணீர் விட்டுக் கழுவி, காயமில்லை என்று இருபுறமும் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே வெளியேறினார். ஒரு நிமிடம் நாற்பத்தைந்து நொடிகள். எழுதினேன்.

முப்பத்தைந்து நிமிடங்களுக்குமேல் ஆறரை நிமிடங்கள் சேர்த்து ஆட்டம் நடந்தது. அந்த ஆறரை நிமிடங்களும் மைசூர் மைன்ஸ் அணி தன் கோல் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக் காத்தது. என் கையில் இருந்த நொடிமுள் பன்னிரண்டைத் தொட்டபோது நான் எழுந்து நின்றேன். அக்கா ஊதினார்.

மைசூர் மைன்ஸ் தலைவர் கோப்பைப் பக்கம் போகவில்லை. நேரே என் மேஜைக்கு வந்தார். தன் கைபேசியைத் தாளின் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். "ஆறரை" என்றார். "எங்க போன்லயும் ஆறரை." படித்துவிட்டுக் கையெழுத்திட்ட முதல் மனிதர் அவர்தான்.

வியர்வையும் செம்மண்ணுமாக அக்கா வந்து, கடிகாரத்துக்குக் கையை நீட்டினார். கொடுத்தேன். ஸ்மார்ட் வாட்ச்சைக் கழற்றிக் கணவரிடம் கொடுத்து, "நீங்களே கட்டிக்கோங்க. நான் வுழுந்தா உங்களுக்குத்தான போன் பண்ணுது" என்றார். பிறகு என் தாளைக் குனிந்து பார்த்தார். விரல் ஒரு வரியில் நின்றது.

"பாப்பா, இந்த ஒண்ணே முக்கா நிமிஷம் மேட்ச்ல சேராதுதான?"

"சேராதுக்கா."

"அப்போ கல்யாணத்துல சேத்துக்கறேன்."

இந்த ஆண்டு ஆனி மாதமே நான் மேற்படிப்புக்காக வேறு ஊர் விடுதிக்கு வந்துவிட்டேன். வந்த வாரம் ஒரு கடிகாரம் வாங்கக் கடைக்குப் போனேன். விற்பனையாளர் ஸ்மார்ட் வாட்ச்சுகளை வரிசையாகப் பரப்பி, இது தூக்கத்தை அளக்கும், இது நாடி பார்க்கும் என்று விளக்கினார். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: சாவியை இழுத்தால் நொடிமுள் நிற்குமா? அவர் பின்னால் போய், தூசி தட்டி, ஒன்றை எடுத்து வந்தார்.

அதை நன்றாகவே பயன்படுத்துகிறேன். சில வகுப்புகளில் இழுக்கிறேன். உணவுக்கூட வரிசையில் தவறாமல் இழுக்கிறேன். தள்ள மறப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் விசிலக்கா தொலைபேசியில் அழைப்பார். ஆப்சைடு விதியை எவனும் ஒழுங்காகப் புரிந்துகொள்ளவில்லை என்று தொடங்கினால் முக்கால் மணி நேரம் ஆகும். சென்ற வாரம் சொன்னதையே இந்த வாரமும் சொல்வார். கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி இருப்பேன். இதுவரை ஒருமுறையும் என் விரல்கள் சாவிப் பக்கம் போனதில்லை.